ரோசாலிக்கு ஒரு மோட்டார்

பிப்ரவரி 9, திங்கள்

காற்று: காலையில் வடகிழக்கு, மிதம். பத்து மணிக்கு மேல் இல்லை. கடல்: குளம். பார்வைத் தெளிவு: நன்று.

தூத்துக்குடித் துறைமுகத்தின் சிக்னல் கோபுரத்தில் உட்கார்ந்து முப்பத்தொரு வருஷம் ஊரார் கப்பல்களையெல்லாம் பதிவு செய்தவன் நான். ஓய்வு பெற்ற பின் நாலு வருஷமாக என் சொந்தப் படகைப் பதிவு செய்கிறேன். பதினெட்டு அடி, மரம், ஒற்றைப் பாய். பெயர் ரோசாலி, என் அம்மாவின் பெயர். தலைவன் நான், ஜெரோம் கொரைரா. ஆள் எண்ணிக்கை ஒன்று.

ஆறு மணிக்குக் கரை விட்டேன். மாத்திரை போட்டாயிற்று. இட்லியைத் திரும்பி வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று மனைவி கித்தேரியிடம் சொன்னேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, நான் தெருமுனைக்கு வந்துவிட்டேன்.

முயல் தீவுக்கு வெளியே காற்று நின்றுவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. பாய்மரக்காரனுக்கு இதெல்லாம் சகஜம், காத்திருந்தால் போதும். காத்திருந்தேன். இடையில் சற்றுக் கண்ணயர்ந்தேன். ஒரு மணி சுமாருக்கு ஒரு ஃபைபர் படகு வந்து, கயிறு கட்டி என்னை இழுத்துக்கொண்டு போய்க் கரையில் விட்டது. நான் உதவி கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தப் படகுக்காரர்கள் இருவரும் கரையில் கித்தேரியிடம் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "மூணு தடவ கூப்புட்டோம்க்கா, ஐயா முழிக்கவே இல்ல" என்பது மட்டும் காதில் விழுந்தது. இந்த வயதில் அப்படித் தூக்கம் வருவதே கொடுப்பினை. என்ன காரணத்துக்கோ என் வாயில் கலர் சோடா வேறு ஊற்றியிருக்கிறார்கள். சட்டை முழுக்கப் பிசுபிசுப்பு.

பிப்ரவரி 10, செவ்வாய்

வீட்டில் காற்று: இல்லை. கித்தேரி காலையிலிருந்து பேசவில்லை. சாயங்காலம் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"காத்து நெனச்சாத்தான் வீட்டுக்கு வருவீயளோ?"

"பாய்னா அப்படித்தான்."

"அப்போ ஈஸ்டருக்குள்ள அதுல ஒரு எஞ்சின வையுங்க. வைக்கலன்னா ஓட்டல்காரர்ட்ட குடுத்துருவேன்."

கடற்கரைச் சாலையில் புதிதாக ஓட்டல் திறக்கப்போகும் ஒருவர் வாசலில் வைக்கப் பழைய படகு தேடுகிறார். அதில் ஐஸ் நிரப்பி மீனை அடுக்கி வைப்பாராம். என் அம்மாவின் பெயரைச் சுமக்கும் படகில் விளமீனும் ஊளியும் வரிசையாகப் படுத்திருக்க, சாப்பிட வருகிறவர்கள் விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். படகோ எழுத்துப்படி கித்தேரி பெயரில் இருக்கிறது. அப்படிப் பதியச் சொன்ன அறிவாளி நான்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

பாய்மரப் படகில் மோட்டார் வைப்பது ஏன் இழுக்கு என்பதைப் பதினோரு காரணங்களாக ஒன்றரைப் பக்கம் எழுதி, கித்தேரிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும், "ஈஸ்டர் ஏப்ரல் அஞ்சு" என்றாள்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

தவக்காலத்துக்கு எதை விடலாம் என்று கேட்டேன். பிடிவாதத்தை விடுங்கள் என்றாள் கித்தேரி. நான் வழக்கம்போல் கறியை விட்டேன்.

பிப்ரவரி 21, சனி

கித்தேரியின் தம்பி பொனிப்பாஸ் ஒரு மோட்டாரோடு வந்தான். இவனுக்கு ஐஸ் கம்பெனி. ஆள் நூற்றைந்து கிலோ. கம்பெனித் தராசில் தானே ஏறி நிறுத்துப் பார்த்ததாகப் பெருமையாகச் சொல்வான். மோட்டார் பழையது, இரண்டு குதிரை சக்தி, சாம்பல் நிறம். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினான்.

"ஒரு ஆத்திர அவசரத்துக்குத்தான் அத்தான். மத்தபடி நீங்க பாயிலயே போங்க. கயித்த இழுத்தா போதும், யாரு வேணாலும் ஓட்டலாம்."

யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதுதான் என் பதினோரு காரணங்களில் முதலாவது. அவனிடம் சொல்லவில்லை. "அத்தான், சாப்டீயளா?" என்று இரண்டு தடவை கேட்டான். இந்தக் குடும்பத்துக்கு வேறு பேச்சே தெரியாது.

அடுத்த சிக்கல். இந்த மாதிரி மோட்டாரைப் படகின் பின்னால் தட்டையான பலகையில் மாட்டுவார்கள். ரோசாலிக்கு முன்னும் கூர், பின்னும் கூர். எங்கே மாட்டுவது? பக்கவாட்டில் இரும்புப் பிராக்கெட் ஒன்று வைத்து, அதில் பலகை கட்டித்தான் தொங்கவிட வேண்டும். வெல்டிங் பட்டறை இசக்கிமுத்துவிடம் போனேன். அவன் செய்வது வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும். படகில் கால் வைத்ததில்லை.

"கேட்டு மாதிரிதான அண்ணாச்சி" என்றான்.

பிப்ரவரி 27, வெள்ளி

பிராக்கெட் மாட்டியாயிற்று. வலது பக்கம். எந்தப் பக்கம் என்று இசக்கிமுத்து கேட்டபோது, முப்பத்தொரு வருஷ அனுபவத்தை வைத்து நான்தான் முடிவு செய்தேன்.

பிப்ரவரி 28, சனி

நேற்றுக் கடல் உள்வாங்கிக் கரையோரம் தண்ணீர் வற்றியதும் ரோசாலி எப்போதும்போல் வலது பக்கம் சாய்ந்து, பிராக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் வலது பக்கம்தான் சாய்வாள். இதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

வளைந்த பிராக்கெட் நிமிர்த்தப்பட்டது. இடது பக்கம்.

மார்ச் 7, சனி

காற்று: தென்கிழக்கு, லேசானது. கடல்: அமைதி.

பிராக்கெட்டில் மோட்டார்ப் பலகையின் உயரம் அளக்கும் நாள். அடியில் சுழலும் புரொப்பல்லர் தண்ணீருக்குள் இரண்டு விரல் அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே நின்றால் காற்றைத்தான் கடையும். அதனால் படகைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத்தான் அளவு எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். இசக்கிமுத்து இடுப்பளவு தண்ணீரில் ஆணியும் கையுமாக நின்றான், மரத்தில் கீறி அடையாளம் வைக்க.

எதிர்பாராத விதமாகக் கித்தேரி ஒரு டப்பா மக்ரூனோடு கரைக்கு வந்தாள். நாலு வருஷத்தில் ரோசாலி பக்கம் அவளாக வந்தது இதுதான் முதல் தடவை. வந்ததும் தம்பிக்கு உத்தரவு: "பொனி, நீ ஏறி பின்னால இடது ஓரமா உக்காரு. இசக்கிமுத்து கீறி முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காத." வேலை நடக்கும் இடத்தில் அவன் குறுக்கே நிற்காமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். நல்ல யோசனைதான்.

இசக்கிமுத்து தலையைச் சொறிந்தான். "ஏக்கா, அண்ணன் வெயிட்டோட அளந்தா பொறவு..."

"மக்ரூன் எடுத்துக்கிடு" என்றாள் கித்தேரி. அவன் வாய் நிறைந்துவிட்டது. நான் அப்போது நோட்டில் தேதி போட்டுக்கொண்டிருந்தேன். கீறல் விழுந்தது, துளை விழுந்தது, போல்ட் முடுக்கியாயிற்று. புரொப்பல்லர் இரண்டு விரல் கீழே. திருப்தி.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்து வெள்ளோட்டம். நானும் பொனிப்பாஸும். மோட்டார் ரோசாலியைச் சமர்த்தாகத் தள்ளிக்கொண்டு போனது. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை என்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. போகும்போது மூன்று தடவை, வரும்போது இரண்டு தடவை, "சாப்டீயளா?"

மார்ச் 10, செவ்வாய்

தனியாகப் போனேன். கரையிலிருந்து நூறு அடி போனதும், ஒத்திகைக்காக மோட்டாரை முடுக்கினேன். புரொப்பல்லர் பாதி வெளியே நின்று தண்ணீரை என் முகத்தில் வாரி அடித்தது. சத்தம் ஊருக்கே கேட்டது, படகு மட்டும் அசையவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் கையைத் தட்டினார்.

இசக்கிமுத்துவைப் பிடித்துக் கேட்டேன். "அண்ணாச்சி, அளக்கும்போது அண்ணன் உக்காந்திருந்தாவள்லா. நூத்தஞ்சு கிலோ அமுக்கிச்சு. நீங்க எவ்வளவு?"

ஐம்பத்திரண்டு. ஆக, இந்த மோட்டார் ஓட வேண்டுமானால் படகின் பின்னால் இன்னொருவர் என்னோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். நாலு இஞ்ச் இறக்கிக் கொடு என்றேன். அரை மணி நேர வேலை. நாளைக்கே வருகிறேன் என்றான்.

மார்ச் 11, புதன்

இசக்கிமுத்து வரவில்லை. துளைபோடும் மெஷின் ரிப்பேராம்.

மார்ச் 13, வெள்ளி

வரவில்லை. மச்சினிக்குச் சடங்காம்.

மார்ச் 16, திங்கள்

வரவில்லை. போனில் கூப்பிட்டேன். "அக்கா ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டான். என்ன அக்கா, என்ன சொல்ல வேண்டும் என்றேன். லைன் கட்டாகிவிட்டது. இந்தக் காலத்து வேலைக்காரர்களை நம்பி ஒரு காரியத்தில் இறங்கக் கூடாது.

மார்ச் 20, வெள்ளி

வழி கண்டுபிடித்துவிட்டேன். குறைவது எடைதானே. ஐம்பத்திரண்டோடு ஐம்பத்திமூன்று சேர்த்தால் பொனிப்பாஸ். அந்த ஐம்பத்திமூன்று ஏன் ஒரு மனிதனாக இருக்க வேண்டும்?

மணல் மூட்டை வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். மணல் சிந்தினால் பலகை இடுக்கிலெல்லாம் புகுந்துகொள்ளும். பிறகுதான் தோன்றியது, உப்பு. உப்பு மரத்துக்கு நல்லது, உளுத்துப்போகாமல் வைத்திருக்கும் என்று பழைய தோணிக்காரர்கள் சொல்வார்கள். தூத்துக்குடியில் இருந்துகொண்டு உப்புக்கு அலைவானேன். உப்பளத்துக்காரர் ஒருவரிடம் சாக்கில் கட்டி இரண்டு மூட்டை வாங்கிக்கொண்டேன், மொத்தம் அறுபது கிலோ. கித்தேரிக்குச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

மார்ச் 27, வெள்ளி

காற்று: காலையில் மேற்கு, மிதம். பதினொன்று முதல் மூன்றரை வரை இல்லை. பிறகு கிழக்கு. கடல்: அமைதி. பார்வைத் தெளிவு: கீழே எழுதுகிறேன்.

கோயிலில் தவக்காலத் தியானம், கித்தேரி வருவதற்குச் சாயங்காலம் ஆகும். அவள் தெரு திரும்பியதும் நான் கடற்கரைக்குத் திரும்பினேன். மாத்திரை மறக்கவில்லை. மூட்டைகளை ஏற்றும் அவசரத்தில் சாப்பாடு மறந்துபோயிற்று.

இரண்டு மூட்டையையும் பின்னால் இடது ஓரத்தில் வைத்து, நானும் உட்கார்ந்து கயிற்றை இழுத்தேன். பிரமாதம். பொனிப்பாஸே உட்கார்ந்திருந்தாலும் இவ்வளவு நன்றாக ஓடாது. உப்பு "சாப்டீயளா?" என்றும் கேட்காது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு மோட்டாரை நிறுத்தி, பாயை விரித்து, தீவைத் தாண்டிப் போனேன்.

ரோசாலிக்கு அடிப்பலகையில் கசிவு உண்டு, வாங்கிய நாளிலிருந்து. இறைக்க இறைக்கச் சரியாகிவிடும். இன்று பத்தொன்பது வாளி இறைத்தேன்.

பதினொரு மணிக்குக் காற்று நின்றது. எனக்குக் கவலையே இல்லை. கயிற்றை இழுத்தேன். நாலாவது இழுப்பில் கிளம்பிய மோட்டார் காற்றில் நின்று கத்தியது. திரும்பிப் பார்த்தேன். மூட்டைகள் இளைத்திருந்தன. ஒன்று சுருங்கித் தலையணை அளவுக்கு வந்திருந்தது. கசிந்த தண்ணீர் மூட்டைக்குள் புகுந்து உப்பைக் கரைத்திருக்கிறது, கரைந்ததை நான் வாளி வாளியாக வெளியே ஊற்றியிருக்கிறேன். கடலுக்கு உப்பு போட்ட ஆள் இந்தக் கரையில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடிவிட்டேன். எழுதுகிறேன்.

கை நடுங்க ஆரம்பித்தது. வேர்த்தது, ஆனால் உடம்பு குளிர்ந்தது. தீவு ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதியும் இதேதான். அன்று நான் தூங்கவில்லை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போனதால் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தேன். அது எனக்கு அன்றே தெரியும். கித்தேரிக்கும் தெரியும். தெரிந்தது தெரியாததுபோல் இருவரும் இத்தனை நாள் மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

படகில் பாதி மூட்டை உப்பு இருந்தது. சீனி ஒரு கரண்டி இல்லை. செத்துப்போவேனோ என்று பயமாக இருந்தது. நன்றாகவே பயந்தேன்.

புத்தி குழம்பிப்போய், மோட்டாரில் பிளக்கைக் கழற்றினால் சரியாகும் என்று தோன்றியது. ஸ்பானர் எடுக்க மோட்டாரின் பையைத் திறந்தேன். உள்ளே கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நாலு பாக்கெட், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி. அதில் செருகிய சீட்டில் கித்தேரியின் கையெழுத்து: "மொதல்ல இதத் தின்னுங்க. அப்புறம் பிளக்கப் பாக்கலாம்."

இரண்டு பாக்கெட் தின்றேன். அழுதேன். கடலைமிட்டாய் தின்றுகொண்டே அழுவது லேசில்லை, தொண்டையில் அடைக்கிறது. அரை மணியில் தீவு ஒன்றாகிவிட்டது. மூன்றரைக்குக் கடற்காற்று எழுந்ததும் பாய் நிறைந்து, ரோசாலி தானாகவே என்னைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தாள்.

கித்தேரி கரையில் நின்றாள். கோயிலுக்குப் போட்ட முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. சாக்கைத் தூக்கிப் பார்த்தாள், ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு முன்னே நடந்தாள்.

மார்ச் 28, சனி

காலையில் ஐந்து இட்லி வைத்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"அளக்கும்போது பொனிய உக்கார வச்சது நான்தான். இசக்கிமுத்துவ வரக் கூடாதுன்னு சொன்னதும் நான்தான்."

"ஏன்?"

"தனியாப் போவக் கூடாதுன்னு. சொன்னா கேப்பீயளா? இட்லியத் தின்னுட்டுப் போங்கன்னு சொல்லுததுக்குள்ள தெருமுனைக்குப் போயிருதீய. அன்னைக்கி ஒங்கள படகுலேருந்து தூக்கிக் கரையில போட்டப்போ, நான் உசுரு போச்சுன்னே நெனச்சேன்."

அவள் குரல் உடைந்தது. இவளை நான் முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை.

"எனக்குப் பாய் கட்டத் தெரியாது. கயித்த இழுக்கத் தெரியும். கூட நான் இருந்து நீங்க விழுந்துட்டா எப்படிக் கொண்டாருவேன்? அதுக்குத்தான எஞ்சின் கேட்டேன்."

"நீ வருவியா? ரோசாலில?"

"நாலு வருசமா ஒரு தடவ கூப்புட்டீயளா?"

பழைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். நாலு வருஷம், இருநூற்றுச் சொச்சம் பயணம். எல்லாவற்றிலும் ஆள் எண்ணிக்கை ஒன்று.

கடைசியாகச் சொன்னாள்: "இசக்கிமுத்துவ வரச் சொல்லிட்டேன். அடுத்த சனிக்கெழம வருவான். எறக்கணும்னா எறக்கிக்கிடுங்க. எஞ்சின் வச்சாச்சு, நான் சொன்ன சொல் மாற மாட்டேன், படகு ஒங்களுக்குத்தான். ஆனா தனியாத்தான் போவேன்னா, நான் இனிமே கரையில வந்து நிக்க மாட்டேன். என்னால முடியல."

ஏப்ரல் 1, புதன்

ஓட்டல்காரர் டேப்போடு வந்து, ரோசாலியில் எத்தனை கூடை ஐஸ் பிடிக்கும் என்று அளக்கத் தொடங்கினார். என் அம்மா விற்பனைக்கு இல்லை என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கடலுக்குப் போகவில்லை. யோசித்தேன். நாலு இஞ்ச் இறக்கினால் நான் பழையபடி ராஜா. அவள் வந்து நிற்காத கரையையும் யோசித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 4, சனி

காற்று: தென்கிழக்கு, மிதம். கடல்: அமைதி. பார்வைத் தெளிவு: நன்று.

இசக்கிமுத்து சொன்ன நேரத்துக்கு வந்தான். துளைபோடும் மெஷின், ஸ்பானர் எல்லாம் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் நேராகத் தண்ணீரில் இறங்கினான். கித்தேரியும் வந்திருந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று துறைமுகத்துக் கப்பல்களை எண்ணுவதுபோல் பாவனை செய்தாள்.

"எவ்வளவு எறக்கணும் அண்ணாச்சி? நாலு இஞ்ச்தான?"

நான் நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"கித்தேரி, ஒன் எடை எவ்வளவு?"

திரும்பினாள். இசக்கிமுத்து தண்ணீரைக் குனிந்து பார்த்தான். கட்டின நாளிலிருந்து கித்தேரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு உயிரோடு இருக்கிறவர் யாரும் இல்லை. டாக்டருக்கே காதில்தான் சொல்வாள்.

"என்னத்துக்கு?"

"கணக்குக்கு. ஒன்னோடதும் என்னோடதும் சேத்துத்தான அளக்கணும்."

செருப்பை மணலில் போட்டாள். பிறகு வலை பின்னுகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்:

"எழுபத்தொண்ணு. எழுதிக்கிடுங்க."

எழுதினேன். கூட்டினேன். நூற்றிருபத்திமூன்று. பொனிப்பாஸைவிடப் பதினெட்டு கிலோ கூடுதல். இப்படியே விட்டால் புரொப்பல்லர் ரொம்ப ஆழத்தில் போய்விடும்.

"ஒரு இஞ்ச் ஏத்துப்பா" என்றேன் இசக்கிமுத்துவிடம்.